உயிரோடு இருப்பவருக்கு ஒரு மோட்ச தீபம்

நவமணி போனை எடுத்தாள் என்றால் பாலத்துக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில் உட்கார்ந்திருப்பவர்கூடச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். ஒரு முறை எண்ணைத் தப்பாக அழுத்தி, கல்லூரி வாசலையே மிதித்தறியாத ஒரு மீன் வியாபாரியிடம் பேசிவிட்டாள். "நான் அங்க படிக்கலைலா அக்கா" என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஐம்பது வெள்ளி ரொக்கமும், கூடவே இரண்டு வௌவால் மீனும் சங்கத்துக்கு வந்து சேர்ந்தன. மீனுக்கு எப்படி ரசீது போடுவது என்று பொருளாளர் தலையைச் சொறிந்தது தனிக்கதை.

சங்கம் என்பது ஜார்ஜ் டவுனில் ஒரு வணிகக் கல்லூரியில் படித்து வெளியேறிய தமிழர்களின் சங்கம். துணிக்கடை ஒன்றின் மேல்மாடியில் அலுவலகம். நவமணியும் அந்தக் கல்லூரியில் படித்தவள்தான். முடித்ததும் ஜுருவில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்தாள். தொழிற்சாலை வியட்நாமுக்குக் குடிபெயர்ந்தது. நவமணி டத்தோ கிராமாட்டில் தங்கை வீட்டோடு தங்கிவிட்டாள். அதன் பிறகுதான் இந்த வேலை. பழைய மாணவர்களை அழைக்க வேண்டும், வீட்டு நலம் விசாரிக்க வேண்டும், விசாரிப்பின் ஈரம் காய்வதற்குள் நன்கொடை கேட்டுவிட வேண்டும். வருகிற பணத்தில் வசதியில்லாத வணிக மாணவர்களுக்குக் கல்லூரிக் கட்டணம் போகும்.

கொடுப்பவர்களில் பெரிய கை மெய்யநாதன். செட்டிநாட்டிலிருந்து வந்த நிதித் தொழில் குடும்பம், எழுபதைத் தாண்டியவர். தகப்பனாரை அவர் அப்பச்சி என்பார். அப்பச்சி காலமான பிறகு அவர் பேரில் ஒரு நிதி வைத்தார். அதில் ஒரு பாதி, தகப்பனை இழந்த வணிக மாணவர்களின் கட்டணத்துக்கு. மறுபாதி, தொழில் அறம் பற்றிய ஆராய்ச்சிக்கு. "இப்பல்லாம் நல்லாப் படிச்சவன்தான் நல்லாத் திருடுறான். அது ஏன்னு யாராச்சும் படிச்சுச் சொல்லுங்க" என்று கூட்டத்தில் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். யமுனா என்ற பெண் அந்த ஆராய்ச்சியைச் செய்கிறாள். நன்கொடை கேட்கும்போது உண்மை எவ்வளவு தூரம் இழுபடுகிறது, எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்பது அவளுடைய தலைப்பு. அதற்காக நவமணிக்குப் பக்கத்து மேசையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். சர்க்கரை ஆராய்ச்சிக்குக் கரும்புத் தோட்டத்தில் குடிசை போட்டது மாதிரி.

இனி, விஷயம் கெட்டுப்போன இடத்துக்கு வருவோம்.

நிபோங் திபாலிலிருந்து தனுஜா என்று ஒரு மாணவி உதவி கேட்டு வந்தாள். கெட்டிக்காரி, மதிப்பெண்களில் குறை சொல்ல எதுவுமில்லை. வீட்டைப் பற்றிக் கேட்டபோது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அப்பா போயிட்டாரு ஆண்ட்டி" என்றாள். தமிழில் வளர்ந்த எந்தக் காது அதை வேறு மாதிரி வாங்கும்? நவமணி "அடடா" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். துக்கப்பட்ட பிள்ளையிடம் இறப்புப் பத்திரம் கேட்பது சங்கத்தின் வழக்கமில்லை. எப்போது, எப்படி என்று துருவுவது நவமணியின் வழக்கமில்லை. போனவர் எங்கே போனார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சங்கத்தின் செய்தி மடலில் நவமணியே எழுதினாள்: 'தந்தை நல்லமுத்துவை அகாலத்தில் பறிகொடுத்த தனுஜா.' அந்த 'அகாலம்' அவளுடைய சொந்தச் சரக்கு. கூடவே அவர் போன நாளில் கொஞ்சம் மழையையும் தூவிவிட்டாள். மெய்யநாதன் படித்துவிட்டு அன்றே சம்மதம் சொன்னார். தனுஜா இறுதியாண்டு வரை வந்துவிட்டாள்.

ஒரு நாள் காலை, சட்டையில் கார் மெழுகு வாசனையோடு ஒருவர் மாடியேறி வந்தார்.

"நீங்கதான் நவமணியா?"

"ஆமாங்கண்ணே, உக்காருங்க. நீங்க எந்த வருசம் படிச்சீங்க?"

"நான் படிக்கல. செத்துட்டேன்."

நவமணி சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"நல்லமுத்து. தனுஜாவோட அப்பா. ஜுருவுல கெரெத்தா விக்கிற எடத்துல வேலை, வேற ஒருத்தியோட வீடும் அங்கதான். எனக்குத் தமிழ் படிக்க வராது, மலாய் ஸ்கூல்லா. கூட வேலை செய்றவன் ஒங்க பழைய மடலைப் பொரட்டிக்கிட்டிருந்தப்ப, 'அண்ணே, நீங்க செத்துட்டீங்களாமே, கருமாதிச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்புடவே இல்ல'ன்னான். அன்னையிலேருந்து ஒரே கிண்டல்."

தனுஜா சொன்ன 'போயிட்டாரு' எங்கே போனது என்பது அப்போதுதான் நவமணிக்குப் புரிந்தது. நிபோங் திபாலுக்கும் ஜுருவுக்கும் கெரெத்தாவில் அரை மணி நேரம். இன்னொரு பெண், இன்னொரு வீடு. அவ்வளவுதான் தூரம்.

மன்னிப்புக் கேட்க அவள் வாயெடுத்தாள். அவர் கையை அசைத்து நிறுத்தினார்.

"நான் செத்ததாலதான் ஃபீஸ் கட்டுறாங்களா?"

நவமணி தலையை மட்டும் ஆட்டினாள்.

"அப்ப அப்படியே இருக்கட்டும்லா. உயிரோட இருந்து நான் அவளுக்கு ஒண்ணும் கட்டல. செத்தாவது கட்டுறேன்." எழுந்து நின்றவர் கதவருகே திரும்பினார். "என்னைப் பத்தி அவ வேற என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலண்ணே."

அவருக்கு வைத்த கோப்பி வைத்தபடி இருந்தது. அவர் இறங்கிப் போய்விட்டார்.

பக்கத்து மேசை யமுனா இத்தனை நேரம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா?" என்றாள் நவமணி. "செட்டியாரய்யாகிட்ட இன்னைக்கே சொல்லிடுறேன்."

"அக்கா, அவசரப்படாதீங்க. அந்த நிதி தகப்பன் இல்லாத பிள்ளைங்களுக்கு மட்டும்தான். சொன்னா தனுஜா நடுவுல நின்னுடுவா." கொஞ்சம் தயங்கினாள். "என் வேலையும் அதே நிதியிலதான் ஓடுது."

"நீ அறம் படிக்கிறவதானே?"

"படிக்கிறேன்க்கா. அதனாலதான் இவ்ளோ பயம்."

நவமணி சொல்லவில்லை. அவள் போன் செய்தால் இப்போது எதிர்முனையில் இருப்பவர்கள் தைரியமாகப் பேசினார்கள்; யாரும் சட்டைப்பையைத் தொடவில்லை. 'கஷ்டப்படுற பிள்ளைங்க' என்று ஆரம்பிப்பாள். எந்தப் பிள்ளை, என்ன கஷ்டம், நீயே பார்த்தாயா என்று உள்ளே ஒரு குரல் குறுக்கு விசாரணை நடத்தும். பேச்சு அங்கேயே படுத்துவிடும்.

அப்படியிருக்க ஒரு நாள் மெய்யநாதனே அழைத்தார்.

"அம்மா நவமணி, பசியாறியாச்சா? அப்பச்சி திதி வருது. கோயில்ல மோட்ச தீபத்துக்குச் சொல்லியிருக்கேன். அந்தப் பிள்ளை தனுஜா தகப்பனும் சின்ன வயசுல போயிட்டாருல்ல, பாவம், அவருக்கு யார் ஏத்தியிருக்கப் போறா? அவர் பேருக்கும் சேத்து ஒண்ணு ஏத்திடுவோம். நட்சத்திரம் என்ன, எந்தத் திதியில போனாரு, கேட்டுச் சொல்லு தாயி."

நவமணி போனை வைத்தாள். காகிதத்தில் செத்தவரைக் காகிதத்திலேயே பிழைக்க வைத்துவிடலாம். இது வேறு. ஜுருவில் கெரெத்தா துடைத்துக்கொண்டிருக்கிற மனுஷனுக்குக் கோயிலில் விளக்கேற்றி, ஐயர் அவருடைய பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, போய் வா என்று மேலே அனுப்பிவைப்பதா? அவள் அப்படியொன்றும் பெரிய பக்தை கிடையாது. ஆனாலும் அந்தச் சுடரை ஏற்ற விட அவளுக்கு மனம் வரவில்லை.

முதலில் தனுஜாவை வரச்சொன்னாள்.

"ஒங்கப்பா வந்திருந்தாரு."

தனுஜாவின் முகத்தில் ஆச்சரியம் இல்லை. "என்ன வேணுமாம்?"

"ஒண்ணும் வேணாமாம். நீ மடல் படிச்சியா?"

"படிச்சேன்."

"அப்பவே ஏன் சொல்லல, தனுஜா?"

"நான் பொய் சொல்லல ஆண்ட்டி. போயிட்டாருன்னுதான் சொன்னேன். சாவடிச்சது நீங்க." பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்: "நீங்க எழுதினது படிக்க நல்லா இருந்துச்சு. பறிகொடுத்தேன்னு போட்டிருந்தீங்க. நெசத்துல எங்களை யாரும் பறிகொடுக்கல, நாங்களும் யாரையும் பறிகொடுக்கல. அவரு பையில துணிய அடுக்கிக்கிட்டுப் போனாரு, அம்மா சோறு வடிச்சிக்கிட்டிருந்தாங்க. அதை எப்படி மடல்ல போடுவீங்க?"



அன்று மத்தியானமே நவமணி மெய்யநாதனின் அலுவலகத்துக்கு நடந்து போனாள். வேர்வையோடு நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். அகாலத்தையும் மழையையும்கூட விடவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எங்கப்பச்சி விளக்குப் பக்கத்துல உயிரோட இருக்கிறவனுக்கு விளக்கா?"

"அதுக்குத்தான் ஓடி வந்தேன் ஐயா."

"தீபம்னு நான் கேட்டிருக்காட்டி சொல்லியிருப்பியா?"

அவள் குனிந்துகொண்டாள். அவர் மூக்குக்கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார்.

"அப்பச்சி நிதியிலேருந்து அந்தப் பிள்ளைக்கு இனிமே ஒரு காசு கிடையாது. முடிக்கிற வரைக்கும் என் கையிலேருந்து கட்டுறேன். ஆனா மடல்ல போடணும். பொய்யைப் போட்ட அதே எடத்துல, அதே எழுத்துல. அது அச்சாகி வந்தாத்தான் ஃபீஸ். புதுசா இந்த வருசம் எந்தப் பிள்ளையும் வேணாம்." நவமணி திரும்பும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்த அற ஆராய்ச்சி மட்டும் நடக்கட்டும். ஒங்க ஆப்பீசுக்கு அது ரொம்பத் தேவையா இருக்கு."

புதுசாக எந்தப் பிள்ளையும் வேண்டாம். விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு யார் சொல்வது? நவமணிதான் சொன்னாள், ஒவ்வொருவராக, அதே போனில்.

தனுஜா விஷயம் தெரிந்ததும், "நான் நிறுத்திக்கிறேன்" என்றாள். "என் ரூம்ல இருக்கிறவங்க எனக்காக அழுதிருக்காங்க ஆண்ட்டி. இப்ப அவரு உயிரோட இருக்காரு, எங்களை வேணாம்னுட்டுப் போனாருன்னு ஊருக்கே அச்சடிச்சுக் குடுப்பீங்களா? அதுக்கு நான் படிக்காமலே இருந்துட்டுப் போறேன்."

படி என்று நவமணி கெஞ்சவில்லை. தான் எழுதிவைத்திருந்த திருத்தத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். 'முன்பொரு மடலில் மறைந்துவிட்டதாகக் குறிப்பிட்ட, மாணவி தனுஜாவின் தந்தை திரு. நல்லமுத்து உயிருடன் இருக்கிறார். தவறு எங்களுடையது.'

தனுஜா பலமுறை படித்தாள். பேனாவை வாங்கினாள். 'மாணவி தனுஜாவின் தந்தை' என்பதை மட்டும் அழுத்தமாக அடித்தாள்.

"இதை எடுத்துட்டு மிச்சத்தைப் போடுங்க."

"செட்டியாரய்யா ஒத்துக்கணுமே."

"உயிரோட இருக்காரு. அது நெசம். அவ்வளவுதான் என்னால தர முடியும்."

மெய்யநாதன் அதைப் படித்தார், அடித்திருந்த இடத்தையும் படித்தார், அச்சுக்குக் கொடுக்கச் சொன்னார்.

மடல் வெளிவந்தது, கட்டணமும் வந்தது. "யாருங்க இந்த நல்லமுத்து, நம்ம பேட்ச்சா?" என்று சிலர் அழைத்துக் கேட்டார்கள். உயிரோடு இருப்பதை எதற்கு அறிவிக்கிறார்கள் என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

அடுத்த அழைப்பு ஜுருவிலிருந்து வந்தது. பின்னால் கெரெத்தா ஹாரன்களின் சத்தம்.

"என்னைப் பத்தி மறுபடியும் போட்டிருக்கீங்களாமே? இங்க எவனும் சரியாப் படிச்சுக் காட்டல. நீங்க படிங்களேன்."

நவமணி படித்தாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. படிக்க அதிகம் இல்லை.



"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாண்ணே."

"அவ என் மகள்னு எதுவும் போடலையா?"

யாரிடமும் எதையும் பேசிக் கறந்துவிடுகிற நவமணி போனைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹாரன் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவரும் வைக்கவில்லை.