கடல் நடுவில் நின்று மலை பார்த்தவர்கள்

போன சனிக்கிழமை பதுளைச் சந்தையில் கருவாட்டுக் கடையைக் கடந்து போனேன். கடந்து போனேன் என்பது பொய், அந்த வாடை பட்டதும் அப்படியே நின்றுவிட்டேன். "அம்பாந்தோட்டைச் சரக்கு டீச்சர், நல்லா காஞ்சது, எடுங்க" என்கிறார் கடைக்காரர். எனக்கோ உள்ளங்கை வேர்க்கிறது. கருவாட்டுக்குப் பயப்படுகிற ஒரே ஆள் ஊவா மாகாணத்தில் நானாகத்தான் இருப்பேன். சிரிக்காதீர்கள், காரணத்தைக் கேளுங்கள்.

அப்போது நான் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த டீச்சர். அந்தத் தோட்டத்து மேல்மலையில் கொழுந்து எடுக்கும்போது, வானம் வெளுத்த காலையில், தெற்கே வெகுதூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அது கடல் என்பார் சவேரியம்மா. பனி என்பாள் அவருடைய மருமகள் ஸ்டெல்லா. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரே வீட்டில் எலியும் பூனையுமாக வாழ்ந்தவர்கள். அந்தக் கோட்டை வைத்தே ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று கொழுந்தெடுக்கிற பொம்பளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரு பஸ் பிடித்தார்கள். அம்பாந்தோட்டை, தேவேந்திரமுனை வெளிச்சவீடு, காலிக்கோட்டை, எல்லாம் ஒரே நாளில். படித்தவள் என்று என்னைத் தலைவியாக்கினார்கள். நானும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தேன்.

விடியுமுன் கிளம்பி, வெல்லவாயா வழியாக மலையிறங்கி, அம்பாந்தோட்டையைத் தாண்டியதும் கடலோரமாக பஸ்ஸை நிறுத்தச் சொன்னோம். கரையில் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்குள் ஒரு கரும்பாறை. சவேரியம்மா அதையே பார்த்தார்.

"டீச்சர், நம்ம மலையிலேருந்து கடலு தெரிஞ்சா, கடல்லேருந்து நம்ம மலையும் தெரியணுமில்ல? இங்க தென்னமரம் மறைக்குது. அந்தப் பாறையில ஏறினா தெரியும்."

"ஆமா, லயமும் தெரியும், அடுப்புல வச்ச சோறும் தெரியும்" என்றாள் ஸ்டெல்லா. ஆனாலும் மாமியாரைத் தனியே விட மனமில்லாமல் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். முழங்கால் அளவு தண்ணீர்தான். இறங்குமுன் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "தண்ணி ஏறாதே டீச்சர்?"

நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை. மலைநாட்டில் பிறந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? மேலே மழை பெய்தால் ஆறு ஏறும், பெய்யாவிட்டால் ஏறாது. "மழையே இல்லையே, எப்படி ஏறும்? தைரியமா போங்க" என்றேன். அதற்கு முந்தின வாரம்தான் ஐந்தாம் வகுப்புக்குச் சந்திரனையும் பூமியையும் வரைந்து, கடல் ஏறி இறங்குகிற வற்றுப்பெருக்குப் பாடம் நடத்தியிருந்தேன். கேள்வி கேட்டு, தப்பாகச் சொன்ன பிள்ளைகளை எழுப்பி நிறுத்தியும் வைத்தேன். என்னை எங்கே நிறுத்துவது, சொல்லுங்கள்.

பாறை மேலே ஏறிய சவேரியம்மா கையைத் தூக்கிக் கத்தினார்: "தெரியுதுடீ! நீலமா தெரியுது!" ஸ்டெல்லாவும் பார்த்தாள். அப்புறம் எது அப்புத்தளை, எது பெரகலை என்று அங்கேயும் சண்டை. நாங்கள் கரையில் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டு சிரித்தோம். எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. திரும்பிப் பார்த்தால் பாறையின் பாதியைக் காணவில்லை.

அலை இப்போது வேறு மாதிரி வந்தது. முதலில் ஸ்டெல்லா இறங்கிப் பார்த்தாள். இடுப்புக்கு மேல் தண்ணீர், ஒரு அலை தூக்கிப் பாறையிலேயே அடித்தது. முழங்கையில் ரத்தம். எங்கள் பொம்பளைகள் சும்மா நிற்பார்களா? வெள்ளக்காலத்தில் ஆறு தாண்டுகிற வழக்கப்படி கையோடு கை கோத்து இறங்கினார்கள். ஆறு ஒரு பக்கம்தான் இழுக்கும். இது முன்னால் தள்ளுகிறது, உடனே பின்னால் இழுக்கிறது. நாலு பேர் குப்புற விழுந்தார்கள். ஸ்டெல்லாவுக்கு லயத்தில் எட்டு மாதக் குழந்தை இருந்தது. போகச் சொன்னவள் நான்.

அப்போதுதான் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு மீன்காரர் ஓடி வந்தார். ஐம்பது வயதிருக்கும், நரைத்த தாடி. எங்களைச் சிங்களத்தில் ஏசிக் கரையேற்றினார். தோணிக் கயிற்றைத் தென்னையில் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு நீந்திப் போனார். ஒவ்வொருவராகத்தான் வரவேண்டும், பெரிய அலை மூன்று போகட்டும், நான் சொல்லும்போது குதியுங்கள் என்றார். நான் அதைத் தமிழில் கத்தினேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"நீ மொதல்ல போடி, ஒனக்குக் கைப்புள்ள இருக்கு. நான் கெழவி, எனக்கென்ன" என்றாராம் சவேரியம்மா, பிறகு ஸ்டெல்லா சொன்னது.

"வாய மூடிக்கிட்டு என் முதுகுல தொத்துங்கத்த. ஒங்கள விட்டுட்டுப் போயி ஒங்க மகனுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

மீன்காரர் தூக்கிய கையை இறக்கியதும், மாமியாரை முதுகில் சுமந்தபடியே ஸ்டெல்லா குதித்தாள். அத்தனை வருடம் கொழுந்து சுமந்த முதுகு. பாதி வழியில் அவர் கணக்கில் இல்லாத அலை ஒன்று வந்தது. மூன்று பேரையும் காணவில்லை. கயிறு மட்டும் விறைத்து நின்றது. மாதாவே, மாதாவே என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் வரவில்லை. பிறகு தாடி தெரிந்தது, ஒரு கையில் ஸ்டெல்லாவின் கூந்தல், அவள் கழுத்தைக் கட்டிய கை சவேரியம்மாவுடையது.

மீன்காரரின் குடிசையில் அவர் மனைவி உலர்ந்த துணி கொடுத்தார், பனங்கட்டியோடு பிளேன்டீ கொடுத்தார். சவேரியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "இதெல்லாம் ஒரு தேயிலையா? அடுத்த தடவ வாறப்ப நல்ல தூள் கொண்டாறேன்னு சொல்லுங்க டீச்சர்" என்றார். நான் சிங்களத்தில் சொன்னேன். மீன்காரர் சிரித்தார். டிரைவர் ஹோர்ன் அடித்தான். ஓடிப்போய் ஏறிவிட்டோம். வெளிச்சவீடு, காலிக்கோட்டை எல்லாம் பார்த்தோமாம். எனக்கு ஒரு கல்லும் ஞாபகமில்லை.

அடுத்த தடவை என்பது தள்ளிக்கொண்டே போனது. சில வருடம் கழித்துச் சுனாமி வந்தது. அன்று மேல்மலையில் போய் நின்று எல்லாரும் தெற்கே பார்த்தோம். வெள்ளைக் கோடு வழக்கம்போல இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, நல்ல தூள் இரண்டு கிலோவோடு நாங்கள் மூன்று பேரும் பஸ் ஏறினோம். பாறை இருந்தது. குடிசை வரிசை இருந்த இடத்தில் மணல். யாரைத் தேடுகிறீர்கள் என்று வயதான ஒருத்தர் கேட்டார். சவேரியம்மா தன் முகவாயைத் தடவித் தாடி காட்டினார். ஸ்டெல்லா இடுப்பில் கயிறு சுற்றுகிற மாதிரி காட்டினாள். தாடிக்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருந்தார்கள் அம்மா, பெயரைச் சொல்லுங்கள் என்றார் அவர்.

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அன்று அவரோடு பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.