தொலைந்த டிரைவர் கோப்பும் முதல் நன்மைப் படங்களும்

தலைமன்னாரில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஸ்டூடியோ. கலியாணமோ, பிள்ளைகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மையோ, படம் எடுப்பதும் திருத்துவதும் அச்சடிப்பதும் நான்தான். பெண்பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்டவர்கள் வீட்டுச் சுவரிலும் இப்போது நான் எடுத்த படம்தான் தொங்குகிறது.

அந்த வெள்ளிக்கிழமை காலை கணினியைப் போட்டால் நீலத் திரை வந்து நின்றது. எழும்பத் தேவையான டிரைவர் கோப்பு ஒன்றைக் காணவில்லையாம். கோப்பின் பெயரையும் காட்டியது. அணைத்துப் போட்டேன், மறுபடியும் அதே நீலம். எங்கள் பங்குக் கோயில் பிள்ளைகளின் முதல் நன்மைப் படங்கள் முழுவதும் அதற்குள்தான் இருந்தன. கமரா கார்ட்டை அடுத்த கலியாணத்துக்காக ஏற்கெனவே துடைத்துவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் தாய்மார் படம் பார்க்க வருவார்கள். வெள்ளை உடுப்புப் போட்டு, மெழுகுதிரி பிடித்து நன்மை வாங்கிய பிள்ளையை, இன்னொருமுறை முதல் நன்மை வாங்கு என்று சொல்ல முடியுமா?

மன்னார் டவுனில் கணினி திருத்தும் கடைப் பொடியனுக்குப் போன் எடுத்தேன். கொண்டுவரச் சொன்னான். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தருவானாம், படங்களுக்கு மட்டும் உத்தரவாதம் இல்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா?

கோப்பு கால் முளைத்தா போனது என்று நான் சத்தம் போட, வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த என் மனுசன் கையை நிறுத்தினார். கடலுக்குப் போகுமுன் வேலையில்லாத சாமான் எல்லாவற்றையும் வள்ளத்திலிருந்து இறக்கிவிடுவது அவர் வழக்கம். அதற்கு முந்தின நாள்தான், கணினியில் இடம் போதவில்லை என்று புறுபுறுத்துவிட்டு நான் சந்தைக்குப் போயிருந்தேன்.

“அதை நான்தான் அழிச்சனான்,” என்றார். “என்னெண்டு விளங்காத பேரா இருந்தது. சும்மா பாரமாக் கிடக்குதெண்டு நினைச்சன்.”

கணினி கேட்ட கேள்விக்கெல்லாம் ஓம் என்று அமத்தி, குப்பைத்தொட்டியையும் காலியாக்கியிருந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. ஏச வாயைத் திறந்தேன். ஏச்சுக்கு முந்திச் சந்தோசம் வந்துவிட்டது. கணினிக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. இறக்கிய ஒரு சாமானைத் திரும்ப ஏற்றினால் போதும்.

தோட்டவெளியில் இருக்கும் தங்கச்சியும் நானும் ஒரே கடையில் ஒரே மாதிரிக் கணினி வாங்கியவர்கள். பஸ் ஏறிப் போய், அவளுடையதிலிருந்து அதே பெயருள்ள கோப்பைப் பென் டிரைவில் எடுத்தேன். பழுதான கணினியை வெளியிலிருந்து எழுப்புகிற இன்னொரு பென் டிரைவையும் அங்கேயே தயார் செய்தேன். வீட்டுக்கு வந்து அதைச் செருகினால், கட்டளை எழுதும் கறுப்புத் திரை வந்தது. கோப்பைப் பிரதி செய்யும் கட்டளையைப் போனில் தேடிப் படித்து எழுத்தெழுத்தாக அடித்தேன். சி டிரைவில் அப்படி ஓர் இடமே இல்லை என்றது.

ஆனாலும் விட மனமில்லை. வெளியிலிருந்து எழுப்பினால் டிரைவ்களின் எழுத்து மாறி நிற்குமோ என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். என் சி அங்கே டி ஆக இருந்தது! எழுத்தை மாற்றி அடித்தேன். ஒரு கோப்பு பிரதியானது என்று பதில் வந்தது.

பென் டிரைவ்களைக் கழற்றிக் கணினியைப் போட்டேன். மனுசன் வலையை வைத்துவிட்டு வந்து பின்னால் நின்றார். நீலம் வரவில்லை. என் திரை வந்தது, படங்கள் அத்தனையும் வந்தன. “திறந்திட்டுதப்பா,” என்று நான் கத்தியது பக்கத்து வீட்டு வளவுக்கும் கேட்டிருக்கும்.

ஞாயிறு பூசை முடிந்து முன்னறை நிறையத் தாய்மார். அதில் ஒருவர் திரையை உற்றுப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“என்ர பிள்ளை கண்ணை மூடிக்கொண்டெல்லோ நிக்கிறான். உமக்குப் படம் எடுக்கத் தெரியாதே?”

வேறொரு நாள் என்றால் நானும் இரண்டு சொல்லியிருப்பேன். அன்றைக்கு அந்த ஏச்சு எனக்குத் தேனாக இனித்தது. கண்ணை மூடியபடியாவது அவன் அங்கே நின்றானே. சிரித்துக்கொண்டு, அவன் கண் திறந்திருந்த அடுத்த படத்தைக் காட்டினேன்.