வேர் விடாத வெங்காயம்

நான் தாவரவியல் எடுக்கும் பள்ளியின் ஆய்வக உதவியாளர் கலைமணி அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். எனக்கும்தான்; அதனால் இருவருக்கும் ஒத்துப்போகிறது. செட்டிகுளம் பக்கம் அவர் வீட்டுக்கு வெங்காய வயல் உண்டு. போன பிப்ரவரியில் பதினொன்றாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்குக் கடையில் வெங்காயம் வாங்கச் சொன்னேன்.

"பெரம்பலூர்ல இருந்துகிட்டு வெங்காயத்த காசு குடுத்தா வாங்குவாங்க? நேத்து புடுங்குனது வூட்ல குவிஞ்சு கெடக்கு டீச்சர். நான் கொண்டாரேன்."

வேர்நுனியில் செல்கள் ஓயாமல் வளர்ந்து இரண்டிரண்டாகப் பிரியும். இளம் வேருக்குச் சாயமேற்றி நசுக்கி, பிரிகிற செல்லை மைக்ரோஸ்கோப்பில் காட்டினால்தான் பிள்ளைகளுக்கு மதிப்பெண். அடுத்த வார வெள்ளிக்கிழமை வெளிப் பள்ளியிலிருந்து தேர்வாளர் வருகிறார்.

கலைமணியின் சின்ன வெங்காயம் ஒவ்வொன்றும் செக்கச்செவேலென்று பளபளத்தது. தண்ணீர்க் கிண்ணங்களின் வாயில் உட்கார வைத்தோம். துணைக்கு நான் நாலு பல்லாரி, அதாவது பெரிய வெங்காயமும் வைத்தேன். திங்கட்கிழமை பார்த்தால் பல்லாரி அழுகி நாறுகிறது, இவர் வெங்காயத்தில் பேருக்கு ஒரு வேர்கூட இல்லை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"மொத்த வகுப்புக்கும் முட்டை விழப்போவுது. உங்க வயல் பெருமைய தேர்வாளர்கிட்ட நீங்களே சொல்லிக்குங்க."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டார். "புதுசா புடுங்குனது தூங்கும் டீச்சர். ரெண்டு மாசத்துக்கு மொளைக்காது. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். பவுசு காட்டப் போயி மறந்துட்டேன்."

முதுகலைத் தாவரவியல் படித்த எனக்கும் அது தோன்றவில்லை. பழைய விதை வெங்காயம் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். கடைகளிலும் புது வரவுதான்.

"மஞ்சு வூட்டுல கெடக்கும்" என்றவர் கிண்ணங்களைக் கழுவப் போய்விட்டார்.

மஞ்சு அவருடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. பக்கத்து வீடு. அண்ணன் தம்பி நிலம் பிரித்தபோது கிணறு தம்பி பங்குக்குப் போனது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. "அவ வாசப்படிய மிதிக்கிறதுக்குப் பதிலா நான் வேலைய வுட்டுட்டுப் போயிடுவேன்" என்று முன்பு என்னிடமே சொல்லியிருக்கிறார். அதனால் போய்க் கேளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை துணிப்பையோடு வந்தார். உள்ளே சுருங்கிய பழைய வெங்காயம், நுனியில் பச்சை எட்டிப் பார்த்தது.

"மஞ்சு என்ன சொன்னாங்க?"

"என்னத்த சொல்லுவா? தூங்குறத எழுப்பப் பாத்தியா அக்கான்னு சிரிச்சா. பை நெறைய அள்ளிப் போட்டா. காப்பி குடின்னா. நான் குடிக்கல, வந்துட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை, கிண்ணங்களில் மாற்றி வைத்த எல்லா வெங்காயத்துக்கும் வெள்ளை மீசை முளைத்திருந்தது. பிள்ளைகள் அத்தனை பேரும் செல்லைக் காட்டிவிட்டார்கள். எனக்கு நிம்மதியில் பசி வந்துவிட்டது. தேர்வாளர் போனபின் கலைமணியைக் கையைப் பிடித்து மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வைத்தேன். ஒரு செல்லுக்குள் சிவப்பு நூல்கள் இரண்டு கட்சியாக விலகிக்கொண்டிருந்த நிலையில் நின்றிருந்தன.

"பாதிப் பாதியா பிரிச்சுக்குதா டீச்சர்?"

"இல்லைங்க. செல்லு மொதல்ல வளரும். உள்ள நூலா தெரியுற மரபுப்பொருள் மொத்தத்தையும் நகல் எடுத்து ரெட்டிப்பாக்கிக்கும். அப்புறந்தான் பிரியும். ரெண்டு பக்கத்துக்கும் முழுசா போவும்."

அவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"கெணத்த நகல் எடுக்க முடியாதே டீச்சர்" என்றார். நாற்காலியை விட்டு எழுந்துகொண்டே, "அவளும் என்னதான் பண்ணுவா? இருந்தது ஒண்ணுதான?"

மிச்ச வெங்காயத்தைக் குப்பையில் கொட்டப் போனேன். வேகமாக வாங்கி ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்தார். "வேர் வுட்டதாச்சே. நட்டா புடிச்சுக்கும். அவகிட்டயே குடுத்துடறேன்."

"இன்னைக்காவது காப்பி குடிச்சிட்டு வாங்க" என்றேன்.

"சாப்புட்டுட்டே வரேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.