ஜெயலக்ஷ்மி உட்கார்ந்த மூன்று நாள்

சின்ன காஞ்சிபுரத்தில் ஜெயலக்ஷ்மியைப் போல மடி ஆசாரமாகத் தளிகை பண்ணுகிறவள் கிடையாது என்பார்கள். சொன்னவர்கள் யாரும் அவள் இடுப்பு வலியைப் பற்றிக் கேட்டதில்லை. விடிவதற்குள் கிணற்றடியில் குளித்து ஈரப்புடவையோடு சமையலுக்கு அடுப்பை மூட்ட வேண்டும். கணவர் அழகியமணவாளன் கோயிலில் சேவித்துவிட்டு வரும்போது தனியாக வரமாட்டார். விருந்தாளி ஒருவராவது கூட இருப்பார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே கதைதான்.

அவளுக்கு ஓய்வென்று இருந்தது மாதவிலக்கு மட்டுமே. மூன்று நாள் கொல்லை அறையில் பாயைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் ஒருவரும் வேலை ஏவ முடியாது. மாமியார் பட்டம்மாள் சமைத்து, காபியை எட்ட வைத்துவிட்டுப் போவாள்.

ஐம்பது வயதில் அது நிற்க வேண்டியது, நிற்காமல் கொட்ட ஆரம்பித்தது. பாதி மாதம் கொல்லை அறையிலேயே போயிற்று. மாமியாருக்கு மடி கெடுகிறதே என்ற விசாரம். ஜெயலக்ஷ்மியோ வாயைத் திறக்கவில்லை. உடம்பு வெளுத்தாலும் படுக்கக் கிடைத்ததே, அது போதும் அவளுக்கு.

ஒரு காலை கிணற்றடியில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா கர்ப்பப்பையின் உள்சுவரில் துளி சுரண்டிச் சோதனைக்கு அனுப்பினார். இன்னும் புற்று ஆகவில்லை, ஆனால் அந்த வழியில்தான் போகிறது, இப்போதே கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தப்பிக்கலாம் என்றார்.

"அப்புறம் விலக்கே வராதா?" என்று கேட்டாள் ஜெயலக்ஷ்மி.

"வராதும்மா. இனிமே உங்களுக்கு அந்தத் தொல்லையே இல்ல."

அந்த அம்மாள் நல்ல சேதியாகத்தான் சொன்னார். ஜெயலக்ஷ்மிக்கோ இருந்த மூன்று நாள் ஓய்வும் போயிற்று. நவராத்திரி போகட்டும், தீபாவளி போகட்டும் என்று தள்ளினாள். மறுபடி தலை சுற்றியபோது, செத்துப்போய் ஓய்வெடுத்து யாருக்கு லாபம் என்று தோன்றியது. சரி என்றாள்.

அறுத்த புண் ஆறி, பளு தூக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னதும் அடுப்படி அவளிடமே திரும்பி வந்தது. இனி மாதம் முழுக்க மடிக்குக் குறையில்லை என்று பட்டம்மாள் பெருமாளைச் சேவித்துக்கொண்டாள். அந்த மாதம் முழுக்க ஜெயலக்ஷ்மி அடுப்படியில் நின்றாள். அடுத்த மாதம் ஒரு நாள் காலை பாயையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு கொல்லை அறைக்குப் போய் உட்கார்ந்தாள்.

மாமியார் வாசற்படியில் வந்து நின்றாள். "என்னடி ஜெயா இது? உனக்குத்தான் எல்லாம் எடுத்தாச்சே."

"கர்ப்பப்பையைத்தான் எடுத்தா, அம்மா. இடுப்பு அங்கேயேதான் இருக்கு."

"ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எழுந்திருக்கிறதா இல்லை."

கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, சாஸ்திரத்தில் இதற்கு இடமில்லையே என்று இழுத்தார். அப்படியானால் சாஸ்திரத்தையே உலை வைக்கச் சொல்லுங்கோ என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உள்ளே பாத்திரம் உருண்டது. பட்டம்மாள் முணுமுணுத்துக்கொண்டே வந்து, பழைய வழக்கப்படி காபியை எட்ட வைத்தாள்.

"மூணு நாள்தானே?"

"மூணே நாள்தான், அம்மா."

காபி ஆறிக்கொண்டிருந்தது. அதற்குள் ஜெயலக்ஷ்மி தூங்கிப் போயிருந்தாள்.