நைஜீரியாவுக்குப் போகாத பெட்டி

வெளிநாட்டில் ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்கள் என்னென்ன எடுத்துப் போகவேண்டும் என்று இந்த வலைப்பூவில் பலர் கேட்டுவிட்டீர்கள். நான் போனது 1981 ஆகஸ்டில், நாமக்கல்லிலிருந்து நைஜீரியாவுக்கு, வேதியியல் டீச்சராக. இரண்டு வருட ஒப்பந்தம். வீட்டுக்காரர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். அவரும் ஐந்து வயது மகள் கவிதாவும் ஊரில் இருப்பது, நான் மட்டும் போவது என்று முடிவு. பெண்டாட்டியை ஏற்றி அனுப்பிவிட்டுப் பிள்ளை வளர்க்கப் போகிறான் என்று சொந்தபந்தம் வாய் வலிக்கப் பேசியது. அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எனக்குப் போக ஆசை. கவிதாவை விட்டுப் போகத்தான் மனசில்லை.

முதலில் காகிதங்கள். அசல் சான்றிதழ்கள், கையொப்பம் வாங்கிய நகல்கள், பணி ஆணை, எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு அப்போது மெட்ராஸ்தான் போகவேண்டியிருந்தது. ஊசி போட்ட அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள். லாகோஸில் அதைத்தான் முதலில் கேட்டார்கள்.

அடுத்தது சாமான். விமானத்தில் இருபது கிலோதான் ஏற்றுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். பருப்பு, மிளகாய்த்தூள், புளி, குக்கர், ஆறு புடவை, நாலு புத்தகம். எல்லாவற்றையும் தெருமுனை மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். இருபது கிலோ. சரியாக இருக்கிறதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெட்டி வீட்டுக்காரர் பொறுப்பு. கடையில் விற்கும் பெட்டியெல்லாம் அவர் கண்ணுக்குப் பொம்மை. பட்டறையிலேயே கட்டினார். லாரிக்குப் போடும் பலகை, சுற்றிலும் தகரம், மூலைக்கு மூலை இரும்புப் பட்டை. பெயின்டரைக் கூப்பிட்டு இரண்டு தாமரை வரைந்து, நடுவில் ‘கவிதா’ என்று நிழல் விழும் எழுத்தில் எழுத வைத்தார். லாரியின் பின்பக்கம் போல ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதாததுதான் குறை.

நாமக்கல்லிலிருந்து சேலம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து மெட்ராஸுக்கு ராத்திரி ரயில். மூவருமே போனோம். பெட்டியைத் தூக்கிய போர்ட்டர், உள்ளே இஞ்சினா இருக்கிறது என்று கேட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மீனம்பாக்கத்தில் எடை மேடையில் வைத்தால் முப்பத்தெட்டு கிலோ. வீட்டுக்காரர் அசரவில்லை. கவுண்டரில் இருந்தவரிடம் நிதானமாக விளக்கினார்.

“லோடு இருபது கிலோ தானுங்க. மிச்சம் வண்டி எடைங்க. வண்டி எடைய ஆராச்சும் லோடுல சேப்பாங்களா?”

கவுண்டர்க்காரர் என்னைப் பார்த்தார். நான் சான்றிதழ் பையைப் பார்த்துக்கொண்டேன். வேதியியல் படித்தவள், தராசோடு பிழைப்பவள், காலிப் பெட்டியை நிறுத்துப் பார்க்கவேண்டும் என்று எனக்கும்தான் தோன்றவில்லை. ஆகவே முக்கியமான அறிவுரை: சாமானை நிறுக்காதீர்கள், சாமான் வைத்த பெட்டியை நிறுங்கள்.

வீட்டுக்காரருக்கும் கவிதாவுக்கும் கொண்டுவந்த மாற்றுத்துணி ஒரு ரெக்சின் பையில் இருந்தது. அதைக் கவிழ்த்து, என் சாமானில் பாதியை அதில் திணித்தோம். மீதி ஒரு போர்வையில் மூட்டை. அவர்கள் துணி பெட்டிக்குள் போனது. மூட்டையை வீட்டுக்காரரே இறுக்கிக் கட்டினார். கவிதா பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தாள்.

“பொட்டி இங்கயே இருந்தா அம்மா சாமானை எதுல வெக்கும்?”

“திரும்பி வந்து இதுல வெச்சுக்கும், சாமி,” என்றார் அவர்.

நான் அழுதேன். வரிசையில் நிற்பவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். பிறகு போய்விட்டேன்.

பம்பாய் வழியாக லாகோஸ், அங்கிருந்து ஜோஸ் என்ற மலைநகரம், அதற்கப்புறம் எண்பது கிலோமீட்டர் செம்மண் சாலையில் பள்ளிக்கூடம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நம்பி ஸ்வெட்டர் இல்லாமல் போய் நடுங்கினேன். போகிற ஊரின் குளிரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மிளகாய் சுமக்காதீர்கள், நம்மைவிட அவர்கள் காரம் தின்கிறார்கள். புளியமரமே அங்கே இருக்கிறது. துவரம்பருப்பு, கடுகு, குக்கருக்கு உபரியாக இரண்டு ரப்பர் வளையம், இவை போதும்.

வகுப்பில் பிள்ளைகளை ஊர் வழக்கப்படி “சாமி” என்றே கூப்பிட்டேன். சாமுவேல் என்று ஒரு பையன். அங்கே அவனுக்குச் செல்லப்பெயர் சாம்மி. நான் யாரைக் கூப்பிட்டாலும் எழுந்து நின்றான். விஷயத்தைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. அன்று சாயங்காலம் அறைக்கு வந்தபோது, அந்தச் சொல்லுக்கு நிஜமாகத் திரும்பிப் பார்க்கவேண்டியவளை நினைத்து ஏங்கிப்போனேன். அவள் தலையின் எண்ணெய் வாசம்கூட நினைவுக்கு வர நேரமாயிற்று. அதுதான் பயமாக இருந்தது.

1983 ஜூலையில் விடுமுறைக்கு வந்தேன். இன்னும் இரண்டு வருடம் இருங்கள் என்று பள்ளியில் கேட்டிருந்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தேன், மனசுக்குள் பாதி சம்மதம். கவிதா வளர்ந்திருந்தாள். அப்பா முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு கிட்டே வரவில்லை.

உள்ளறையில் அந்தப் பெட்டி இருந்தது. திறந்தேன். ஒன்றுமே இல்லை. அந்தச் சின்ன வீட்டில் துணி வைக்கவே இடம் கிடையாது.

“ஏனுங்க, இத்தனை பெரிய பொட்டிய எதுக்குங்க காலியா வெச்சிருக்கீங்க?”

“என்ற சட்டை ஒண்ணக்கூட வெக்க உடல இவ.”

கவிதா முதல்முறையாக என்னிடம் பேசினாள். “நீ வந்து வெக்கோணும்னு அப்பா சொல்லுச்சில்ல?”

பையை அவிழ்த்தேன். புடவை, புத்தகம், ஜோஸில் வாங்கிய ஸ்வெட்டர், குக்கர் ரப்பர் என்று ஒவ்வொன்றாக அவள் வாங்கி அடுக்கினாள். பாஸ்போர்ட்டையும் கேட்டாள், கொடுத்தேன். கடைசியில் மூடியைச் சாத்தி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டும் இறங்கவில்லை. அங்கேயே ஊட்டிவிட்டேன்.

அப்புறம் நான் நைஜீரியா போகவில்லை.