ஓடும் கம்ப்யூட்டரில் சிப்பைப் பிடுங்கியவர்

போத்தனூரில் அந்த மில் எலக்ட்ரீஷியனைப் பார்த்ததுமே எனக்கு இளக்காரம். மடித்துக் கட்டிய லுங்கி, பல்லிடுக்கில் எந்நேரமும் ஒரு நூல் துண்டு. நானோ டை கட்டிய சர்வீஸ் இன்ஜினியர். கஸ்டமர் ஒருவரின் கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது. அதைத் துவக்கி வைக்கும் பயாஸ் சிப்பில் அதன் புரோகிராமை மறுபடி எழுதியாக வேண்டும். அதற்கான கருவி எங்கள் ஆபீஸில் இல்லை; இவரால் முடியும் என்று யாரோ சொல்லி அனுப்பினார்கள். மறுநாளைக்குள் சரிசெய்யாவிட்டால் என் வேலை போய்விடும். அதற்காக இந்த ஆளிடமா வந்து நிற்பது?

"எப்படிங்க போச்சு?" என்றார்.

"எழுதறப்போ கரண்ட் போயிருச்சு."

அதே ரகக் கம்ப்யூட்டர் ஒன்று அவரிடம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் நல்ல சிப்புக்கு அடியில் முன்கூட்டியே நூல் கோத்து வைத்திருந்தார். ஓடும்போதே நூலைச் சுண்டி அந்தச் சிப்பைப் பிடுங்கினார்.

"உங்களுக்கென்ன பைத்தியமா?" என்று கத்திவிட்டேன்.

"ஆன் ஆயிப்போச்சுன்னா அப்பறம் இது சும்மாதானுங்க இருக்குது" என்றபடி, அதே இடத்தில் நான் கழற்றிக் கொண்டுவந்த சிப்பை அழுத்தினார். எழுதுவதற்கு முன் அதில் இருந்ததை ஃப்ளாப்பியில் எடுத்துப் பார்த்தார்.

"கரண்ட் போயிருந்தா பாதிதானுங்க இருக்கோணும். இங்க வேற ரக மதர்போர்டோட ஃபைல் முழுசா உக்காந்திருக்குதுங்க."

அவசரத்தில் ஃபைலை மாற்றி எழுதியவன் நான்தான். அவர் சரியானதை எழுதி, சிப்போடு ஒரு முழம் நூலையும் என் கையில் வைத்தார்.

"அடுத்த தடவைக்கு வெச்சுக்குங்க."

அவரை இன்றும் எனக்குப் பிடிக்காது. அடுத்த தடவை ஒன்று வரும் என்று அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் விளங்கவில்லை.