மருமகள் வாசித்துச் சொன்ன நாடகம்

கிள்ளானில் எங்கள் ஃபிளாட்டில் சாயங்காலச் சாப்பாடு முடிந்ததும் எனக்கும் மருமகளுக்கும் ஒரே வேலைதான், கொரியா நாடகம் பார்ப்பது. பேய், பழிவாங்கல், வெட்டுக்குத்து எதுவும் எங்களுக்கு ஆகாது. சிரிப்பும் காதலுமாக இருக்க வேண்டும். அவர்கள் பேசுவது கொரியா பாஷை, கீழே மலாயில் எழுத்து ஓடும். மலாய் எனக்குப் பேச வரும், பாசாரில் மீன்காரன் தராசைப் பார்த்துக் கேள்வி கேட்கிற அளவுக்கு. வாசிக்கத்தான் முடியாது. ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்தைக் கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். அதனால் மருமகள் துணி மடித்துக்கொண்டே எனக்குத் தமிழில் சொல்லுவாள்.

"அவன் என்னாம்மா சொல்றான்?"

"நீ வச்ச கஞ்சியை வாயில வைக்க முடியலைங்கிறான், அத்தை."

"அப்புறம் ஏன் ரெண்டாந்தரம் கேக்குறான்?"

"அதான் லவ்வு."

முத்தம் வந்தால், "அத்தை, கண்ணை மூடிக்குங்க லா" என்பாள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வேன். என் முந்தானை எவ்வளவு மெல்லிசு என்று அவளுக்குத் தெரியும்.

கல்யாண வீட்டில்கூட கடைசி வரிசையில் உட்கார்ந்து, யாரும் பேச்சுக் கொடுப்பதற்குள் எழுந்து வந்துவிடுகிறவள் நான். என் வீட்டுக்காரர் இருந்தவரை "சாப்பாடு போடு", "கதவைச் சாத்து" என்பதற்கு மேல் பேசினதில்லை, நானும் எதிர்பார்த்ததில்லை. அந்த நாடகங்களில் கூச்சப்படுகிற பெண்ணுக்காக மழை வரும், பஸ் போய்விடும், ஒரே குடைதான் இருக்கும். அவள் மனசில் இருப்பதைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் உலகம் பொறுத்துக்கொள்ளும். அதில் யாரும் பாத்திரம் கழுவ மாட்டார்கள், முட்டி வலிக்காது. மாமியார் ஒருத்தி இருப்பாள், அவளிடம் எல்லோரும் எதையாவது மறைப்பார்கள், அதுதான் தமாஷ். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

கடைசியாகப் பார்த்தது ரொட்டிக் கடை வைத்திருக்கிற ஒரு புருஷன் பெண்டாட்டி கதை. நடுவில் ஒரு நாள் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அவள் வாசலில் நின்று அழுதாள்.

"ஏம்மா அழுவுறா?"

"அவனுக்கு வேற ஊர்ல ப்ராஜெக்ட், அத்தை. வாரக் கடைசியில வந்துடுவான்."

எனக்கு ஆறுதலாக இருந்தது. என் மகனும் கொஞ்ச மாதமாக ஜொகூரில் ப்ராஜெக்ட் என்று போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவான். பாவம், எவ்வளவு தூரம் கார் ஓட்டுகிறான் என்று நெத்திலி சம்பல் செய்து டப்பாவில் கொடுத்துவிடுவேன்.

"நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கு" என்றேன். மருமகள் மடித்த துணியையே மறுபடியும் மடித்துக்கொண்டு, "ஆமா" என்றாள்.

பார்த்த பாகத்தையே மறுநாள் பகலில் திரும்பப் போடுவார்கள். மருமகள் கிளினிக்கில் வேலைக்குப் போயிருந்தாள். கறிவேப்பிலை கேட்டு வந்த எதிர்வீட்டுப் பெண், நின்றபடியே டிவியைப் பார்த்தாள்.

"ஐயோ, டைவர்ஸ் கேக்குறாளே!"

"யாரு?"

"இவதான் ஆன்டி."

"இல்லம்மா, அவன் வேலைக்குப் போறான். ப்ராஜெக்ட்டு."

அவள் சிரித்துவிட்டாள். "யாரு சொன்னா? கீழ எழுதியிருக்கே, பக்கத்துலயே ரூம் எடுத்துட்டானாம். வேலையாவது ஒண்ணாவது!"

கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். நான் டிவியை அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஜொகூரில் இருந்து வருகிறவன் ஒரு நாளும் அழுக்குத் துணி கொண்டுவந்ததில்லை. அவன் ஹாலில் இருந்தால் மருமகள் அடுப்படியில் இருப்பாள், அவன் சாப்பிட உட்கார்ந்தால் அவளுக்குக் குளிக்கிற வேலை வந்துவிடும். இதெல்லாம் என் கண்ணுக்கு முன்னால்தான் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிடும்போது, மருமகளையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"நீ எங்கப்பா தங்கியிருக்க?"

"ஜொகூர்லதான்மா."

"போதும், சொல்லிடுங்க" என்றாள் மருமகள்.

அவன் தட்டைப் பார்த்தபடி, "பூச்சோங்" என்றான். ரோட்டில் ஜாம் இல்லாவிட்டால் இங்கிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. வக்கீலையும் பார்த்துவிட்டார்களாம். "உங்களுக்குத் தாங்காதுன்னுதான்மா சொல்லல" என்றான்.

"எனக்குத் தாங்காதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? கேட்டியா?"

என்னதான் நடந்தது என்று கேட்டேன். அடி உதை இல்லை, வேறு பெண் இல்லை. "ஒத்து வரலைம்மா" என்றான். நாடகத்தில் இப்படி இருக்காது. அங்கே பிரிவு என்றால் யாரோ யாரையோ தப்பாக நினைத்திருப்பார்கள். ஏர்போர்ட்டுக்கு ஓடிப்போய் விளக்கிச் சொன்னால் தீர்ந்துவிடும். இங்கே தப்பாக நினைத்தவள் நான் ஒருத்திதான். நான் யாரிடம் ஓடுவது?

மகன் பொய் சொன்னது வலித்தது. ஆனால் அவன் சின்ன வயதிலிருந்தே எனக்குப் பொய் சொல்லுகிறவன்தான். மருமகளை நான் அப்படி நினைத்ததில்லை. ஒரு நாளில் நான் ஆசையாகக் காத்திருந்தது அந்த ஒரு மணி நேரத்துக்கு, அதிலும் அவள் பொய்யைக் கலந்துவிட்டாள்.

"நாடகத்துலகூட ஏம்மா மாத்திச் சொன்ன?"

"அதை எப்படி வாசிக்கிறது, அத்தை? வாயில வரல."

பிறகு மகன் என்னைப் பற்றிப் பேசினான். இந்த வீடு மருமகளுக்காம், வேறு வீடு பார்த்து என்னைப் பூச்சோங்குக்கு அழைத்துப் போகிறானாம். "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம்மா" என்றான். மற்ற எதிலும் ஒத்து வராதவர்கள் என்னை எங்கே வைப்பது என்பதில் மட்டும் ஒத்துப்போயிருந்தார்கள்.

"நான் வரல" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "அவ இருக்கச் சொன்னா இங்கதான் இருப்பேன்."

மருமகள் அழுதாள். "இருங்க அத்தை" என்றாள். நான் அழவில்லை. "இருக்கேன். ஆனா இனிமே நல்லதோ கெட்டதோ எங்கிட்ட நேரா சொல்லணும்" என்றேன்.

அவன் கார் கிளம்பிப் போன பிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பிரியலாம்னு முதல்ல கேட்டது நான்தான் அத்தை, அவர் இல்ல" என்றாள். நேராகச் சொல்லச் சொன்னது நான்தானே. அதைக் கேட்டுவிட்டு அவளோடு ஒரே வீட்டில் இருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. இருக்கிறேன்.